பாஸ்போட் ஒரு நாள், கிளினிக் ஒரு நாள்: நடுவில் எந்தப் பூங்கா?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். பெப்ரவரியில் மூன்று நாள் குடும்பமாகக் கொழும்புக்குப் போகிறார்கள். ஒரு நாள் கணவருக்குப் பத்தரமுல்லையில் பாஸ்போட் வேலை. ஒரு நாள் அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் கிளினிக். தங்குவது வெள்ளவத்தையில். பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவருக்கு ஆறு வயது, மற்றவருக்குப் பதினொன்று. அம்மாவுக்கு அறுபத்தெட்டு, முழங்கால் வலி. பிள்ளைகளைக் கடை கடையாக இழுத்துத் திரிய விருப்பமில்லை, பார்க், தோட்டம் என்று எங்கே கூட்டிப் போகலாம், எது வீண், நம்மைப் போன்றவர்கள் அங்கே நிம்மதியாகப் போய் இருக்கலாமா, குடை எடுக்க வேண்டுமா. இவ்வளவும் கேள்வி.

நான் பதினான்கு வருடம் கொழும்பில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஆரையம்பதியில் இருக்கிறேன். அந்தப் பதினான்கு வருடத்தில் ஊரிலிருந்து வந்த எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். நம் பகுதியிலிருந்து கொழும்புக்குப் பூங்கா பார்க்கவென்றே பஸ் ஏறியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. எல்லோருக்கும் ஏதோ ஒரு அலுவல், அந்த அலுவலுக்குள் நாலைந்து மணித்தியாலம் காத்திருப்பு. அதனால் எது அழகான பூங்கா என்று தேடாதீர்கள் தங்கச்சி. காத்திருக்கப் போகிற இடத்துக்குக் கிட்ட எது இருக்கிறது, அந்த நேரத்தில் அங்கே நிழல் இருக்குமா என்று மட்டும் பாருங்கள். என் பதில் முழுவதும் இந்தக் கணக்கில்தான் போகும்.

முதலில் மாதம். பெப்ரவரி என்பது நல்லதாகப் போயிற்று. நமக்கு மாரி கொட்டுவது கார்த்திகை, மார்கழி, தையில். அந்த வடகீழ்க் காற்று கொழும்புக்குப் பெரிய மழை கொண்டுபோவதில்லை. அவர்களுக்குப் பெருமழை மே, ஜூனில் தென்மேற்குக் காற்றோடு வரும். அந்த நேரம் நமக்குக் கச்சான் காற்று அடித்து வயல் வெடித்துக் கிடக்கும். இங்கே காய்கிறது, அங்கேயும் காயும்தானே என்று மே மாதத்தில் போய், தொப்பலாக நனைந்து வந்தவர்கள் என் வீட்டிலேயே உண்டு. ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் இடியும் மழையும்தான். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் கொழும்பில் புல்லில் உட்காரத் தோதான காலம். ஆனால் பகல் பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் இடையில் எந்தப் பூங்காவும் வேண்டாம். அந்தப் புழுக்கம் நம் வெயிலைவிட மோசம், உடம்பை ஊறவைத்துவிடும்.

இனி கிளினிக் நாள். தேசிய கண் ஆஸ்பத்திரி இருப்பது லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து நகர மண்டபம் கிட்ட, நகர மண்டபத்துக்கு முன்னால் விகாரமகாதேவி பூங்கா. ஓட்டோ பிடித்தால் ஏறி இறங்குகிற தூரம்தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கண் கிளினிக்கில் பெரும்பாலும் கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விடுவார்கள். விட்ட பிறகு சில மணித்தியாலத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும், படி இறங்கக் கால் தடுமாறும். அந்த நிலையில் அம்மாவைக் காலி முகத்திடலுக்குக் கொண்டுபோனால் கடலின் மினுக்கத்தில் கண்ணையே திறக்க மாட்டார். பெரிய மர நிழல்தான் அவருக்கு வேண்டும். ஒரு கறுப்புக் கண்ணாடியும் பையில் இருக்கட்டும்.

கொழும்பில் அந்த நிழல் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிற இடம் விகாரமகாதேவிதான். வெள்ளைக்காரன் காலத்தில் விக்டோரியா பார்க். நிலம் சார்ல்ஸ் ஹென்றி த சொய்சா என்ற செல்வந்தர் நகருக்குக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் இதை இராணுவம் எடுத்துக்கொண்டது, அவுஸ்திரேலியப் படையணி ஒன்று இங்கே முகாமிட்டிருந்தது. போர் முடிந்து, திருத்தி, 1951இல் மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். பிறகுதான் இந்தப் பெயர். துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவி. களனியிலிருந்து கடலில் விடப்பட்டுத் தெற்கே கரை சேர்ந்தாள் என்பது கதை. எங்கே கரை சேர்ந்தாள் என்பதில்தான் பிணக்கு. கிரிந்தையில் என்பார் சிலர். நம் பொத்துவிலில் முகுது மகா விகாரை இருக்கிற கரையில் என்பார் சிலர். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பொத்துவில் தெரிந்த பிள்ளை பூங்காவின் பெயரை மறக்காது.

உள்ளே போக டிக்கெட் இல்லை. நகர மண்டபத்துப் பக்க வாசலால் போனால் பெரிய புத்தர் சிலை, வெள்ளை மண்டபம், புல்வெளி. படம் எடுக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். நீங்கள் அங்கே மினக்கெடாமல் உள்பக்கம் நடந்து, பெரிய மரங்களுக்குக் கீழே வாங்கு தேடுங்கள். இரண்டு மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள் இருக்கின்றன. சின்னவன் விளையாடச் சிறுவர் பகுதி இருக்கிறது. ஊஞ்சல், சறுக்கு மரம் தவிர அதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. நம் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வாவிக் காற்று வாங்கிக்கொண்டு விளையாடுகிற பிள்ளைக்கு அது சாதாரணம்தான். பெரியவள் மேலே பார்க்கட்டும். அங்கங்கே மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும், பகலிலும் கிரீச்சிட்டுக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே பாயை விரிக்காதீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பூங்கா பழகியது என் அப்பாவால். 2011இல் அவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எங்கள் நம்பர் நூற்று நாற்பதுக்கு மேலே. பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் கூப்பிடுவோம் என்றார்கள். அப்பாவுக்கு அந்த வராந்தாவில் மூச்சு முட்டியது. பூங்காவுக்குக் கூட்டிவந்து மரத்தடியில் இருத்தினேன். அவர் படுத்துத் தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. பதினொன்றேமுக்காலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் நம்பர் எப்போதோ கூப்பிட்டு முடிந்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி மறுகா கடைசி ஆளாகக் காட்டினோம். அதனால் சொல்கிறேன், கிளினிக் முடிவதற்கு முன் எல்லோரும் பூங்காவுக்குப் போய்விடாதீர்கள். அம்மாவோடு ஒருவர் வரிசையில் இருக்க, மற்றவர் பிள்ளைகளோடு பூங்காவில் இருக்கட்டும். அலுவல் முடிந்ததும் அம்மா வந்து சேரட்டும்.

பூங்காவுக்கு மறுபக்கத்தில் கொழும்பு பொது நூலகம், அதைத் தாண்டினால் தேசிய அருங்காட்சியகம். 1877 ஜனவரி முதலாம் தேதி திறந்தது, கட்டுவித்தவர் ஆளுநர் வில்லியம் கிரகரி. முற்றத்தில் விழுது விட்ட பெரிய ஆலமரங்கள் நிற்கின்றன. அருங்காட்சியகம் பூங்கா இல்லைத்தான். ஆனாலும் பகல் பதினொன்றிலிருந்து மூன்றரை வரைக்கும் உங்களுக்கு ஒரு கூரை வேண்டுமே. அங்கே கண்டி அரசர்களின் சிம்மாசனம் இருக்கிறது, பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு கல்வெட்டைத் தேடுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நட்டது, 1409ஆம் ஆண்டுக்குரியது, 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தெற்கே தெவிநுவரைக் கோயிலின் தெய்வமான தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. சீனத்திலிருந்து வந்த ஒருவர் அறுநூறு வருடத்துக்கு முன் இந்தத் தீவுக்கு எழுதுவதற்குத் தமிழையும் தேர்ந்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் போய் அந்தக் கல்லின் முன் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

அருங்காட்சியகத்துக்குக் கிட்டப் போகிற வீதியில் பொழுது சாயச் சாய ஓவியம் விற்பவர்கள் மதிலோரம் படங்களைச் சாத்தி வைத்திருப்பார்கள். அந்த வீதிக்குப் பெயர் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன். படங்களின் விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பார்ப்பதற்குக் காசில்லை.

வெள்ளவத்தையிலிருந்து அங்கே போக ஓட்டோவே மேல், அம்மா இருப்பதால். செயலியில் பிடியுங்கள். வீதியில் கை காட்டி ஏறினால் நம் பேச்சைக் கேட்டதும் விலை ஏறுகிறவர்கள் இன்னும் உண்டு. கோட்டையிலிருந்து வருவதென்றால் 138ஆம் இலக்க பஸ் அந்த வழியால்தான் போகும். அதே 138 மகரகமைக்கும் போவதால் நம் ஊர்க்காரர் பலருக்கு அந்த நம்பர் மனப்பாடம். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்களுக்கும் இந்தப் பூங்காவையே சொல்லுவேன், நடுவழியில் இறங்கி ஒரு மணித்தியாலம் மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம்.

பாஸ்போட் நாளுக்கு வருவோம். கணவர் வரிசையில் நிற்கப் போகிறார், நீங்கள் எல்லோரும் அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் வெயில் காய வேண்டியதில்லை. பத்தரமுல்லையில் தியவன்னா ஓயா ஓரமாகத் தியத உயன என்று ஒரு பூங்கா இருக்கிறது, பொல்துவ சந்திக்குப் பக்கத்தில், பாராளுமன்றத்துக்குப் போகிற வழியில். 2012இல் திறந்தது. பூங்கா என்பதைவிட வாவிக்கரைச் சந்தை என்று சொன்னால் சரியாக இருக்கும். பூச்செடி விற்கிற கடைகள், சாப்பாட்டுக் கடைகள், நீரோரம் நடைபாதை, பிள்ளைகள் விளையாட இடம். பெரிய மரம் குறைவு, அதனால் காலையில் சீக்கிரமோ, நாலு மணிக்குப் பிறகோ நல்லது. செடிக் கடைகளில் மட்டும் கவனமாக இருங்கள். குரோட்டன், ஓர்க்கிட், அந்தூரியம் என்று வாங்க ஆசை வரும். ஓர்க்கிட்டும் அந்தூரியமும் ஈரக் காற்றில் வளர்ந்தவை, நம் கச்சானில் ஒரு கிழமை தாங்காது. என் மனைவி வாங்கிவந்த மூன்று அந்தூரியத்தில் மூன்றும் போயிற்று. குரோட்டன் பிழைத்தது, இன்றும் வாசலில் நிற்கிறது.

நீங்கள் காலை ஆறரை ஏழுக்கே பத்தரமுல்லைக்குப் போய்ச் சேர்கிறவர்கள் என்றால், நான் சொல்வது தியத உயன இல்லை, பெத்தகான. கோட்டேயில் இருக்கிற ஈரநிலப் பூங்கா. அங்கிருந்து ஓட்டோவில் கிட்டத்தான். இதற்கு டிக்கெட் உண்டு. சதுப்புக்கு மேலே பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், மேடு பள்ளம் இல்லை, அம்மா மெதுவாக நடக்கலாம், இடையிடையே இருந்து பறவை பார்க்கக் குடில்கள் உண்டு.

வாவிக்கரையில் பிறந்த நமக்குச் சதுப்பு பார்க்கக் காசு கொடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் முணுமுணுத்தேன். நாணலும் நீர்க்காகமும் கொக்கும் நமக்குப் புதிதா. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குக் காட்ட வேறொன்று இருக்கிறது. ஒரு தலைநகரத்தின் நடுவில், நாலு பக்கமும் கட்டிடம் ஏறிக்கொண்டிருக்க, நிலத்தை நிரப்பி விற்காமல் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்? 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் கொழும்பு மூழ்கியது, பாராளுமன்றக் கட்டிடத்துக்குள்ளேயே வெள்ளம் போனது. அந்த மழைத்தண்ணியை உறிஞ்சித் தேக்கி மெதுவாக விடுகிற வேலையைச் செய்வது இந்தச் சதுப்புகள்தான். இதை நிரப்பினால் அந்தத் தண்ணி வீடுகளுக்குள் போகும். அது விளங்கிய பிறகுதான் பெத்தகான போன்ற இடங்களைப் பாதுகாத்துப் பூங்காவாக்கினார்கள். 2018இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் அமைப்பு உலகத்தில் முதன்முதலாக ஈரநில நகரம் என்று அங்கீகரித்த பதினெட்டு நகரங்களில் கொழும்பும் ஒன்று. நம் பக்கத்தில் வாவியோரக் கண்ணாக் காட்டை, அதாவது கண்டல் மரங்களை, வெட்டிக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்புகிறவர்களை இந்தப் பலகைப் பாதையில் ஒரு நாள் நடக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சரி, அது வேறு கதை.

கபரக்கொய்யா என்கிற பெரிய உடும்பைக் கட்டாயம் காண்பீர்கள். பாதையோரத்தில் பெரிய உடம்போடு அசையாமல் கிடக்கும், சின்னவன் முதலை என்று கத்துவான். உண்மையான முதலையும் அந்த நீரில் உண்டு, அதனால் பலகையை விட்டு இறங்க விடாதீர்கள். மீன்பிடிப் பூனை என்று ஒரு காட்டுப் பூனை கொழும்புச் சதுப்புகளில் வாழ்கிறது. அது இராத்திரியில்தான் வெளியே வரும், தேடிக் களைக்க வேண்டாம். பறவை பார்க்கக் காலை எட்டு மணிக்கு முன்னம் போக வேண்டும், ஒன்பதரைக்குப் பிறகு அங்கே வெயிலும் நுளம்பும்தான் மிச்சம். நுளம்புத் தைலம் பூசிக்கொண்டு போங்கள். தலவத்துகொடையில் தியசரு என்று இதே மாதிரி இன்னொரு ஈரநிலப் பூங்கா உண்டு. அது இன்னும் பெரியது, உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்கு பஸ் என்றால் காலி வீதியில் 100 அல்லது 101இல் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, 177 கடுவலை பஸ். காலை நேரத்தில் ராஜகிரியவில் வாகனம் நெரிந்து நிற்கும், ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் நல்லது.

காலி முகத்திடலைக் கடைசி நாள் பின்னேரத்துக்கு வையுங்கள். அதைப் பூங்கா என்று சொல்லலாமா தெரியாது, ஒரு மரம் கிடையாது, புல்லும் பாதி செத்துத்தான் கிடக்கும். ஆளுநர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1859இல், உலாவுகிறதற்கென்று அமைத்து முடித்த கடற்கரைத் திடல். பகலில் அங்கே போவது தண்டனை. ஐந்து மணிக்குப் பிறகு போனால் பட்டம், ஊதுபந்து, இறால் வடை, குடும்பம் குடும்பமாகச் சனம்.

நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு புதினம் காத்திருக்கிறது, கொழும்புக்காரர் அதை யோசித்திருக்கவே மாட்டார்கள். நாம் கிழக்குக் கரை. கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ நின்றால் சூரியன் கடலிலிருந்து ஏறும், பொழுதுபட வாவிப் பக்கம், படுவான்கரை வயல்களுக்குப் பின்னால் இறங்கும். அந்தப் பக்கத்துக்குப் படுவான்கரை, இந்தப் பக்கத்துக்கு எழுவான்கரை என்று பெயரே அதனால்தான் வந்தது. சூரியன் கடலுக்குள் விழுவதை உங்கள் பிள்ளைகள் நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. பெப்ரவரியில் ஆறே கால், ஆறரை மணிபோல விழும். என் மகன் ஐந்து வயதில் முதன்முதல் அதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு எப்படி நம்மட பக்கம் வரும் என்று கேட்டான். பந்தை வைத்து விளங்கப்படுத்தப் போய் இறால் வடை ஆறிவிட்டது.

இறால் வடை என்பது நம் கடலை வடையின் மேலே இறாலைப் பதித்துப் பொரித்தது. அடுக்கி வைத்ததை எடுத்துச் சூடாக்கித் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிக் கண்ணுக்கு முன்னால் பொரித்ததை வாங்குங்கள். மேலே தூவுகிற வெங்காயச் சம்பலைப் பிள்ளைகளுக்குத் தவிர்த்துவிடுங்கள், ரயில் வண்டியில் இரவு முழுக்கப் பயணம் இருக்கிறது.

அந்தத் திடலில் நம் கதையும் கொஞ்சம் கிடக்கிறது. தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக 1956 ஜூன் 5ஆம் தேதி தந்தை செல்வாவும் தமிழரசுக் கட்சியினரும் சத்தியாக்கிரகம் இருந்தது இங்கேதான், அப்போதைய பாராளுமன்றத்துக்கு எதிரே. காடையர் அடித்துக் கலைத்தார்கள். சில நாளில் கலவரம் நம் கல்லோயாப் பக்கம் பரவியது. 2022இல் அதே திடலில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபயவுக்கு எதிராக இளைஞர்கள் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் இருந்தார்கள். அந்த மே 18ஆம் தேதி முள்ளிவாய்க்கால் கஞ்சி அங்கே பரிமாறப்பட்டது. 1956ஐக் கண்ட என் பெரியப்பா அதுவரை உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இது உங்கள் அடுத்த கேள்விக்குக் கொண்டுவிடுகிறது. நாம் போய் இருக்கலாமா? இருக்கலாம் தங்கச்சி. உங்கள் அம்மா தயங்குவதும் எனக்கு விளங்குகிறது. அவருடைய காலத்தில் கொழும்பில் தமிழில் பேசிக்கொண்டு ஒரு வாங்கில் இருப்பதற்கே நெஞ்சு வேண்டும். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, அடையாள அட்டையில் ஊர்ப்பெயர் பார்த்துக் கேள்வி. 2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பியதை நான் அங்கே இருந்து பார்த்தவன். அந்த வருடங்களில் நான் ஒரு பூங்காவிலும் ஐந்து நிமிடம் இருந்ததில்லை, அறையும் வேலையும்தான். இன்றைக்கு விகாரமகாதேவியில் தமிழ் கேட்கும், காலி முகத்திடலில் இன்னும் கூடக் கேட்கும். காவல்காரர் விசில் ஊதினால் புல்லில் ஏறியதற்காக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் சிங்களம்தான் தெரியும், பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற சிங்களத்தைக் கொஞ்சம் பயன்படுத்திப் பார்க்கட்டும். அடையாள அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள், அது வேறு காரணத்துக்கு. அருங்காட்சியகம், மிருகக்காட்சிச்சாலை, பெத்தகான போன்ற இடங்களில் உள்நாட்டாருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்குப் பல மடங்கு. கனடா மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனால் அவர் டிக்கெட்டை அவரே எடுக்கட்டும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுதந்திர சதுக்கம் நடைப்பயிற்சிக்காரருக்கு நல்லது, மண்டபம் கண்டி அரச சபை மண்டபத்தின் சாயலில் கட்டியது, டி. எஸ். சேனாநாயக்கவின் சிலை முன்னால் நிற்கும். இங்கினியாகலைச் சேனாநாயக்க சமுத்திரம் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அரை மணித்தியாலம் போதும். பேரை வாவியில் மிதிபடகு உண்டு, தண்ணி மணக்கும், மட்டக்களப்பு வாவியில் தோணி ஓடியவர்கள் அங்கே காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை வெள்ளவத்தைக்குக் கிட்ட, பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஹேகன்பெக் என்ற ஜெர்மன்காரர் தொடங்கியது, 1936இல் அரசாங்கம் எடுத்தது. உள்ளே ஏற்றமும் இறக்கமுமாகப் பாதை, நடக்கவும் நிறைய. அம்மாவின் முழங்காலை நினைத்து வேண்டாம் என்கிறேன். போவதென்றால் அவரை அறையில் விட்டுவிட்டுக் காலையில் போய் வாருங்கள்.

மரங்களில் உண்மையான ஆசை இருந்தால் கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா. கொழும்பு இல்லைத்தான், ஆனால் நம் மட்டக்களப்பு வண்டி கம்பஹாவைத் தாண்டித்தான் கோட்டைக்குப் போகிறது, கோட்டையிலிருந்தும் அடிக்கடி வண்டி உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளில் முளைத்த சுமார் 1,900 கன்றுகளை இலங்கைக்கு அனுப்பினார்கள். அவற்றை வளர்க்கவே இந்தத் தோட்டத்தை உண்டாக்கினார்கள். ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களின் தொடக்கம் இங்கே. கூட்டமில்லை, நிழல் ஏராளம். மூன்று நாளில் உங்களுக்கு முடியாது, அடுத்த தடவைக்கு மனதில் வையுங்கள்.

கடைசி நாள் அறையைக் காலி செய்ததும் பொதிகளைக் கோட்டை ஸ்டேஷனில் பொதி வைக்கிற அறையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திடலுக்குப் போங்கள். சூரியன் விழுந்த பிறகு ஓட்டோவில் ஸ்டேஷன் கிட்டத்தான். எங்கே போனாலும் தண்ணிப் போத்தல், ஒரு பழைய படங்கு அல்லது பாய், கழிவறைக்குச் சில்லறைக் காசு. சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதீர்கள், கொழும்புக் காகம் நம் காகத்தைப்போல யோசித்து நிற்காது.

குடை எடுக்க வேண்டுமா என்றும் கேட்டீர்கள். எடுங்கள், வெயிலுக்கு. ஆனால் விகாரமகாதேவியில் பகலில் விரித்த குடை எல்லாம் சோடி சோடியாக இருக்கிற காதலர்களின் வீடு. வாங்குக்கு வாங்கு ஒரு குடை, அதற்குப் பின்னால் நாலு கால். ஆறு வயதுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேள்வி கேட்பான். நடக்கும்போது அம்மாவுக்குப் பிடியுங்கள், வாங்கில் இருந்ததும் மடக்கிவிடுங்கள்.